அனுமதிக்கப்பட்ட பளு

பெரிச்சிபாளையம், மூன்றாம் வீதி.
வீடு வாங்குகிற கனகதாரணி
சுவரைப் பார்க்க ஒருவரை அனுப்பினார்,
பத்திரத்தைப் பார்க்க ஒருவரை,
மின்சாரத்துக்கு என்னை.

விற்கிறவர் சவுண்டப்பன்
வாசலிலேயே சொல்லிவிட்டார்:
"அறுபத்து மூணு ஆம்பியர் பிரேக்கருங்க.
தீவாளிக்கு முந்தித்தான் மாட்டுனது."
பெட்டி பளபளவென்றுதான் இருந்தது.
உள்ளே இரண்டு பல்லி முட்டை.

நான் முதலில் பெட்டியைப் பார்ப்பதில்லை.
தெருவுக்குப் போய் அண்ணாந்து நிற்பேன்.
கம்பத்திலிருந்து வருவது எந்த உலோகம்,
என்ன தடிமன்,
எங்கே ஒட்டுப் போட்டது,
எத்தனை மழையில் கறுத்தது.
அலுமினியம். நாலு சதுர மில்லிமீட்டர்.
அதன்மேல் முருங்கைக் கிளை ஒன்று
காற்றடிக்கும்போதெல்லாம் தேய்த்துக்கொண்டிருந்தது.

கீழ்பவானிக்கு வைக்கிற மதகைக்
கொப்பு வாய்க்காலில் வைத்தால்
தண்ணீர் கூடிவிடுமா?

மீட்டர் அட்டையில் மை மங்கியிருந்தது:
அனுமதிக்கப்பட்ட பளு ஒன்றரை கிலோவாட்.
அதற்குப் பிறகு வந்த ஏசியும் ஹீட்டரும் மோட்டாரும்
யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

"இருபத்தி ரெண்டு வருசமா
ஒரு ஃபீஸ் போனதில்லீங்க."
பீங்கான் கட்டையை உருவிப் பார்த்தேன்.
ஏழு இழை செம்பு, முறுக்கிச் சொருகியது.
எருமை கட்டலாம்.
போகாதுதான்.
அது போவதற்குள் வீடு போய்விடும்.

சவுண்டப்பனுக்கு முகம் சுண்டியது.
அறை அறையாகப் போய்
இருக்கிற ஸ்விட்சையெல்லாம் போட்டார்.
"இப்பப் பாருங்க."
டாங் டெஸ்டரை வயரில் கவ்வவிட்டேன்.
பதினொன்று. பதினெட்டு. இருபத்து மூன்று.
வோல்டேஜ் இருநூற்று முப்பதிலிருந்து
படி படியாக இறங்கி
இருநூற்று எட்டில் உட்கார்ந்தது.
கட்அவுட் மூடியில் புறங்கையை வைத்தேன்;
வைத்த வேகத்தில் எடுத்தேன்.

அடுக்களையிலிருந்து ஒரு குரல்,
எட்டிப் பார்க்காமலே:
"ஃபேன் இழுக்குதுங்க. மோட்டார் ஓடுதாட்டிருக்குது.
ஏசிய அமத்துங்க."

என் கருவி எட்டாயிரம் ரூபாய்.

சுசீலாமணியிடம் போய்க் கேட்டேன்.
கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"ஆறு மணிக்கு மோட்டாருங்க.
அது நின்னாத்தான் ஹீட்டரு.
அயர்ன் பாக்ஸ் ஞாயித்துக்கிழமை மட்டும்.
ஏசி ராத்திரி பத்துக்கு மேல, அப்ப ஃபிரிஜ்ஜ அமத்திருவேன்.
கிரைண்டர், இவரு கடைக்குப் போனப்புறம்.
இருந்தாருன்னா டிவி, ஃபேனு, லைட்டுன்னு
எல்லாத்தையும் போட்டு வெச்சுக்குவாருங்க."

"யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"ஒருக்கா மீட்டர்கிட்டப் பொகை வந்துச்சுங்க.
இவருகிட்டச் சொல்லலை."

கூடத்தில் கனகதாரணி
கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை விரித்தார்.
இரண்டு ஏசி. இண்டக்ஷன் அடுப்பு.
பின்னறையில் நாலு ஓவர்லாக்.
அடுத்த வருஷம் ஒரு மின்சாரக் கார்,
அதன் பக்கத்தில் மட்டும் கேள்விக்குறி.

கூட்டிப் பார்த்தேன். இரண்டு முறை கூட்டினேன்.
சவுண்டப்பன் பக்கத்தில் வந்து
குரலைத் தணித்து,
"கொஞ்சம் பாத்து எழுதுங்க" என்றார்.
பார்த்துத்தான் எழுதினேன்:
சர்வீஸ் வயர் மாற்றவும்.
எர்த் குழியில் எர்த் இல்லை, புதிதாகத் தோண்டவும்.
மூன்று ஃபேஸுக்கு விண்ணப்பிக்கவும்.
அதுவரை பதினாறு ஆம்பியருக்கு மேல்
இந்த வீட்டை நம்ப வேண்டாம்.

அந்தப் பதினாறையும்
வயரும் பிரேக்கரும் காக்கவில்லை.
காத்தவர் அடுத்த மாதம்
அவிநாசியில் மகள் வீட்டுக்குப் போகிறார்.
அதை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

கையெழுத்துப் போடும்போது
தலைக்கு மேல் ஃபேன் நின்றது.
"ஒரு நிமிசமுங்க," என்றது குரல்,
"மோருக்கு மிக்சி போடறேன்."